மணலில் எழுதிப் படித்த பாதிரியார்

கோவண்டி ரெயில் நிலையத்து டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஊருக்குப் புதிதாக வந்தவர் யார், பழகியவர் யார் என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடலாம்.

பழகியவர் போகும் ஊரின் பெயரைச் சொல்லிச் சில்லறையை நீட்டுவார். புதிதாக வந்தவர் முதலில் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக் கொள்வார். பிறகுதான் பேசுவார்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் பிற்பகல். வேலை முடிய இன்னும் சிறிது நேரம் இருந்தது. ஓர் இளைஞர் வந்து நின்றார். 24, 25 வயது இருக்கும். தோளில் ஒரு பை. கையில் ஒரு பெட்டி. சட்டை கசங்கியிருந்தது. இந்தியில் ஏதோ ஆரம்பித்தார். இரண்டு சொல்லுக்கு மேல் வண்டி ஓடவில்லை.

"தமிழா?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாண்ணே. டிக்கெட் வேண்டாம். வழிதான் கேக்கணும்" என்றார்.

நெல்லைச் சீமையில் ஒரு கிராமம். மிஷன் ஊழியத்துக்காக அனுப்பியிருக்கிறார்கள். முதல் தடவை வெளிமாநிலம். தாதரில் இறங்கி, குர்லாவில் வண்டி மாறி, கோவண்டி வந்து சேர்ந்துவிட்டார். அழைத்துப் போக வருவதாகச் சொன்னவரை மட்டும் காணோம். கையில் விலாசம் எழுதிய ஒரு தாள். போனில் மணி அடித்துக் கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. காலையில் வந்தவர் பிற்பகல் வரை நடைமேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்!

"கொஞ்சம் பொறு தம்பி. நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன்" என்றேன்.

வேலை முடிந்து அவரை அழைத்துக் கொண்டு நடந்தேன். வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம். அப்போது அவர் சொன்னார். "இடம் கிடைக்கிறது பெரிசில்லண்ணே. பாஷை தெரியாத ஊர்ல நான் என்ன ஊழியம் செய்யப் போறேன்? யார்ட்ட போயி என்ன பேசுவேன்?"

அவருக்கு ஒரு கதை சொன்னேன். கதை என்றால் கட்டுக்கதை அல்ல. 300 ஆண்டுக்கு முன்பு நடந்தது. அவரைப் போலவே 24 வயதில், அவரைப் போலவே வேலை ஒப்படைக்கப்பட்டு, அவரைப் போலவே காலை முதல் பிற்பகல் வரை காத்து நின்ற ஓர் இளைஞரின் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கால்டுவெல்லுக்கு முன்னால்

கோவண்டியிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருக்கும் நெல்லைக்காரர்களுக்கு கால்டுவெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. 1838-ம் ஆண்டு சென்னையில் கரை இறங்கியவர். பிறகு கால்நடையாகவே தெற்கே வந்து இடையன்குடியில் தங்கியவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டவர்.

அந்த கால்டுவெல் வருவதற்கு 132 ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஊர்ப்பக்கத்தில் "சீகன்பால்கு ஐயர்" என்பார்கள்.

நான் அவரைத் தெரிந்து கொண்டது ரெயில்வே பாஸ் புண்ணியத்தால். ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு மயிலாடுதுறை போனேன். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ம் ஆண்டு முதல் ரெயில் ஓடியது. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பஸ்சில் போனோம். கடற்கரையில் கோட்டை. அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய தேவாலயம். அதற்குள் அவருடைய கல்லறை. அதன் முன் நின்றபோது, இவர் இந்த ஊரில் முதல் வாரம் எப்படிக் காலம் தள்ளினார் என்ற கேள்விதான் எனக்கு வந்தது. வெளியூரில் பிழைக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். அதன் பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

ஏழு மாதக் கடல் பயணம்

சீகன்பால்கு ஜெர்மனிக்காரர். சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாயும் போனார், தந்தையும் போனார். உடம்பும் நோஞ்சான். ஹாலே என்ற ஊரில், பிராங்கே என்ற பேராசிரியரிடம் படிக்கப் போனார். உடல்நிலை காரணமாகப் படிப்பும் ஒழுங்காக முடியவில்லை.

அந்த நேரத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தன் ஆட்சிக்கு உட்பட்ட வெளிநாட்டு ஊர்களுக்குப் போதகர்களை அனுப்ப விரும்பினார். அவருடைய நாட்டிலேயே போக ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் தேடினார்கள். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் சீகன்பால்கு. மற்றவர் ஹென்றிக் புளுட்சோ.

1705-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருந்து "சோபியா ஹெட்விக்" என்ற கப்பல் புறப்பட்டது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கொண்டுதான் வர வேண்டும். சூயஸ் கால்வாய் அப்போது ஏது? ஏழு மாதத்துக்கு மேல் கடலிலேயே கழிந்தது.

1706-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி. எதிரே தரங்கம்பாடி தெரிந்தது.

வாசலில் நின்றார்கள்

தரங்கம்பாடி அப்போது டென்மார்க் வியாபாரக் கம்பெனியின் ஊர். 1620-ம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேன்ஸ்போர்க் என்ற கோட்டையைக் கட்டியிருந்தார்கள். நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கில் இருக்கிறது.

மும்பை வாசகர்களுக்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். இந்த இளைஞர்கள் வந்து இறங்கியபோது தஞ்சையில் நாயக்கர் ஆட்சி போய்விட்டது. அரியணையில் இருந்தவர் ஷாஹாஜி. சத்ரபதி சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜியின் மகன். அதாவது, மராட்டியத்துக்குத் தமிழர்கள் பிழைக்க வந்ததற்கு வெகு காலம் முன்பே, மராட்டியர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து குடியிருந்து ஆண்டு கொண்டிருந்தார்கள்!

போகட்டும். கப்பல் வந்ததே தவிர, இந்த இருவரை வரவேற்க யாரும் வரவில்லை. கப்பல் தலைவருக்கே இவர்களைப் பிடிக்கவில்லை. எப்படியோ கரைக்கு வந்து ஊர் வாசலை அடைந்தார்கள்.

கவர்னரின் பெயர் ஹாசியஸ். அவர் வரும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஜூலை மாதத்துக் கடற்கரை வெயில். குளிர் நாட்டுக்காரர்கள். தடித்த உடுப்பு. காலையில் நின்றவர்கள் பிற்பகல் வரை நின்றார்கள்.

கடைசியாக கவர்னர் வந்தார். யார் அனுப்பினார்கள், எதற்கு வந்தீர்கள் என்று கடுமையாகக் கேட்டார். மன்னரின் முத்திரை போட்ட கடிதத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்தும் அவர் மனம் இளகவில்லை. கடைத்தெரு வரை நடந்தார். பின்னாலேயே இவர்களும் போனார்கள். அங்கே இவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்!

மன்னரின் கடிதம் கையில் இருக்கிறது. இரவு தங்க ஒரு திண்ணை இல்லை. முடிவில் கம்பெனி ஆள் ஒருவர் இரக்கப்பட்டு ஓர் இடம் காட்டினார்.

கவர்னருக்கு ஏன் இவ்வளவு கோபம்? காரணம் சாதாரணமானது. கம்பெனி வந்தது மிளகுக்கும் துணிக்கும். மதப் பேச்சு எழுந்தால் உள்ளூர்க்காரர்களோடு மனஸ்தாபம் வரும். வியாபாரம் கெடும். மன்னர் ஏழு மாதத் தூரத்தில் இருந்தார். வியாபாரம் கண் முன்னால் இருந்தது.

நியமன உத்தரவு வேறு. ஊர் ஏற்றுக் கொள்வது வேறு. வேலைக்காக ஊர் மாறிய எல்லோருக்கும் இது தெரியும்.

வாய் இருந்தும் ஊமை

இடம் கிடைத்துவிட்டது. அடுத்தது வாய்.

கடற்கரை ஊர்களில் அப்போது வியாபாரத்துக்கு ஒரு பொது பாஷை இருந்தது. அது போர்த்துகீசியம். துறைமுகத்தில் அதைக் கொஞ்சம் பேசினால் காரியம் நடந்துவிடும். இன்று மும்பையில் கடைத்தெரு இந்தி இருக்கிறதே, அதுபோல. பல வெள்ளைக்காரர்கள் அதோடு நிறுத்திக் கொண்டார்கள். எத்தனையோ வருடம் இருந்தும் தமிழில் ஒரு வரி படிக்கத் தெரியாமல் கப்பல் ஏறினார்கள்.

இரண்டு இளைஞர்களும் போர்த்துகீசியத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் ஊருக்குள் போனால் அது செல்லுபடி ஆகவில்லை. வீட்டுக்குள், வயல்வெளியில், கோவில் வாசலில் எல்லாம் தமிழ்தான். வெள்ளைக்காரர்கள் அதை "மலபார் பாஷை" என்று குறிப்பிட்டு வந்தார்கள். அந்தப் பெயரிலேயே எவ்வளவு தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது விளங்கும்!

புளுட்சோ போர்த்துகீசியத்தோடு நின்று, அதைப் பேசுகிறவர்களிடையே வேலை செய்தார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக் கொண்டார். ஆனால் எப்படிப் படிப்பது? அகராதி கிடையாது. கையில் இலக்கணப் புத்தகம் கிடையாது.

பள்ளிக்கூடமே வீட்டுக்கு வந்தது

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். தரையில் மணல் பரப்பியிருக்கும். பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். வாத்தியார் ஓர் எழுத்தைச் சொல்லுவார். பிள்ளை அதை உரக்கச் சொல்லிக் கொண்டே விரலால் மணலில் எழுத வேண்டும். தவறினால் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

அந்த ஊரில் வயதான வாத்தியார் ஒருவர் இருந்தார். 70 வயது. அவரிடம் போய், "உங்கள் பள்ளிக்கூடத்தை எங்கள் வீட்டிலேயே நடத்துங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். அவர் சம்மதித்தார். பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்.

பிள்ளைகளுக்கு நடுவே இரண்டு வெள்ளைக்காரர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் "ஆனா" என்றால் இவர்களும் "ஆனா" என்றார்கள். அவர்கள் மணலில் விரலை வைத்தால் இவர்களும் வைத்தார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள். மன்னரின் கடிதத்தோடு வந்தவர்கள். ஆறு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எப்படி வளைக்கிறான் என்று பார்த்து, "இ" எழுதிப் படிக்கிறார்கள். பையன்கள் சிரித்திருக்க மாட்டார்களா? நிச்சயம் சிரித்திருப்பார்கள்.

கவர்னர் நடுத்தெருவில் நிறுத்திய அவமானம் ஒன்று. இது அவமானம் அல்ல. இது தானாகத் தேடிக் கொண்ட இடம். ஊருக்குள் நுழைய அந்த மணல்தான் வாசல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அழகப்பன்

எழுத்து வந்துவிட்டது. ஆனால் பொருள் விளங்கவில்லை. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. "மரம்" என்று படிக்கலாம். மரம் என்றால் என்ன என்று யார் சொல்லுவது?

அப்போது கிடைத்தவர் அழகப்பன். ஜெர்மன்காரர்கள் தங்கள் கடிதங்களில் "அலெப்பா" என்று எழுதினார்கள். கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுவார். அவரைச் சம்பளத்துக்கு வைத்துக் கொண்டார் சீகன்பால்கு.

வாத்தியார் எழுத்தைத் தந்தார். அழகப்பன் பொருளைத் தந்தார். ஓராண்டு முடிவதற்கு முன்பே சீகன்பால்கு தமிழில் பேசவும் படிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய அன்றாட வேலைத் திட்டத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். காலை 7 மணி முதல் 8 மணி வரை, ஏற்கெனவே எழுதி வைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பப் பார்ப்பது. 8 மணி முதல் 12 மணி வரை, இதுவரை படிக்காத தமிழ் ஏடுகளைப் படிப்பது. பக்கத்தில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் விளக்கம் சொல்லுவார். புதுச் சொல் வந்தால் எழுத்தர் எழுதிக் கொள்வார். பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை மறுபடியும் ஏடு. இரவு 7 மணி முதல் 8 மணி வரை, கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காக இன்னொருவர் படிக்க இவர் கேட்பது.

எங்கள் அலுவலகத்து நேர அட்டவணைகூட இவ்வளவு கண்டிப்பாக இராது!

ஏடு எங்கே கிடைத்தது?

படிக்க ஏடு வேண்டுமே! அச்சுப் புத்தகம் கடையில் விற்கும் காலம் அல்ல. ஆட்களைச் சுற்றுப்புற ஊர்களுக்கு அனுப்பினார். இறந்துபோன படிப்பாளிகளின் வீடுகளில் ஓலைச்சுவடிகள் தூங்கிக் கொண்டிருந்தன. அவர்களுடைய விதவைகளிடம் விலைக்கு வாங்கி வரச் செய்தார்.

1708-ம் ஆண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று குறிப்பு எழுதி ஒரு பட்டியல் தயாரித்தார். அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் நூலை அவரும் அதே வரிசையில் படித்திருக்கிறார்.

ஏடுகள் அவரை மாற்றின. அவர் வந்தபோது, எல்லா ஐரோப்பியரையும் போல, இங்கே இருப்பவர்கள் கல்வி இல்லாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் வந்தார். தமிழ் நூல்களைப் படித்த பிறகு ஊருக்கு எழுதிய கடிதத்தில், அந்த எண்ணத்துக்குக் காரணம் நம்மவர்களுக்கு அவர்கள் பாஷை தெரியாததுதான் என்று ஒப்புக் கொண்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வந்தது மதத்தைப் பரப்ப. கடைசி வரை அந்த நோக்கத்தை அவர் விடவில்லை. நம் வழிபாட்டைப் பற்றிக் கடுமையாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் கேள்வியும் கேட்டார். வந்த பதிலையும் கேட்டுக் கொண்டார். 1712-ம் ஆண்டு முதல் 1714-ம் ஆண்டு வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார்கள். 99 கடிதங்கள். அவற்றில் ஐரோப்பியரின் நடத்தையைத் தமிழர்கள் குறை சொன்னதும் இருக்கிறது. அதையும் அடிக்காமல் அனுப்பினார்கள்.

சிறைவாசம்

பாஷை வந்ததும் வேலை தொடங்கியது. 1707-ம் ஆண்டு மே 12-ந்தேதி முதல் ஞானஸ்நானம். ஐந்து பேர். ஐந்து பேரும் ஐரோப்பியர்களின் வீட்டில் இருந்த அடிமைகள். ஆகஸ்டு 14-ந்தேதி ஒரு சிறு தேவாலயம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். பெண் பிள்ளைகளுக்கும் வைத்தார்.

கவர்னரின் கோபம் குறையவில்லை. 1708-ம் ஆண்டு நவம்பரில் சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டையில் அடைத்துவிட்டார். நான்கு மாதச் சிறை. எழுதப் பேனாவும் மையும் கொடுக்கவில்லை.

அந்தச் சிறைக்குச் சற்று முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்திருந்தார். வெளியே வந்து விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். 1711-ல் முடித்தார்.

இங்கிலாந்தில் இருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயில் இருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதமோ கொஞ்சம். என்ன செய்வது? மேல்நாட்டில் இருந்து பாலாடைக் கட்டி அடைத்து வந்த ஈய உறைகளை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பொறையாறு அருகே காகிதம் செய்யவும் ஒரு பட்டறை போட்டார்கள். "கடுதாசிப்பட்டறை" என்ற பெயர் அந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது.

1716-ம் ஆண்டு, ஐரோப்பியர்களுக்காக லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளியானது.

அனுப்பியவர்களுக்குப் பிடிக்கவில்லை

1713-ல் அவர் இன்னொரு புத்தகமும் எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றியது. அய்யனார், மாரியம்மன் வரை, யாரை எப்படி வழிபடுகிறார்கள் என்று விசாரித்து, வரிசைப்படுத்தி எழுதி ஹாலேக்கு அனுப்பினார்.

அச்சுப் போட மறுத்துவிட்டார் பிராங்கே. உங்களை அனுப்பியது அதை ஒழிப்பதற்கு, ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் கருத்து. கையெழுத்துப் பிரதி அலமாரியில் தூங்கியது. ஒரு நூற்றாண்டு அல்ல, ஒன்றரை நூற்றாண்டு! 1867-ல்தான், அதுவும் சென்னையில், அச்சானது.

உள்ளூரில் கவர்னருக்குப் பிடிக்கவில்லை. சொந்த ஊரில் குருநாதருக்கும் பிடிக்கவில்லை. ஒரு ஊரின் பாஷையை உண்மையாகப் படித்தவனுக்கு வரும் கஷ்டம் இதுதான். அவன் பாதி அந்த ஊர்க்காரன் ஆகிவிடுகிறான். அனுப்பியவர்களுக்கு அவன் எழுதுவது புரியாமல் போகிறது.

1719-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந்தேதி சீகன்பால்கு காலமானார். வயது 36. அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் முந்தின ஆண்டு அக்டோபரில்தான் திறக்கப்பட்டிருந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

வாத்தியாரின் பெயர் என்ன?

தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் பெயர் கல்லில் இருக்கிறது. கவர்னர் ஹாசியசின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அழகப்பனின் பெயரும் பாதி திரிந்து கடிதங்களில் இருக்கிறது. அந்த 70 வயது வாத்தியாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் "ஒரு வயதான வாத்தியார்" என்பதோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

மணலில் பிடித்து எழுதவைத்த கை அது. அந்தக் கை நீளாவிட்டால் அகராதி இல்லை, இலக்கணம் இல்லை, அச்சு இல்லை. மன்னரின் கடிதம் திறக்காத வாசலை அந்தக் கை திறந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு என் தந்தையின் நினைவு வருகிறது. பாஷை தெரியாமல் கோவண்டிக்கு வந்தவர். அக்கம்பக்கத்தில் மராட்டிக்கார அம்மாள் ஒருவர் இருந்தார். தண்ணீர்க் குழாயடியில் எண்ணிக்கை சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஏக், தோன், தீன் என்று குடத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லுவாராம். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் என் தந்தை கூலி பேசினார். அந்த அம்மாளின் பெயர் அவருக்குக் கடைசி வரை தெரியாது. "ஆயி" என்றுதான் கூப்பிட்டார்.

மும்பையில் தமிழர் பலரின் கதை இதுதான். 1976-ல் ஜனதா காலனியை இடித்து, மக்களைச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பியபோது அதில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வெறும் நிலத்தில் மறுபடி முதல் நாள். கூரை போட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எல்லோருக்கும் இருந்திருப்பார்.

தம்பி என்ன செய்தார்?

அந்த நெல்லைத் தம்பியை அன்று பைகன்வாடியில் ஒரு குறுகிய சந்தில் கொண்டுபோய் விட்டேன். அழைக்க வர வேண்டியவருக்குக் காய்ச்சல். படுத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம். கோபித்துக் கொள்ள ஒன்றும் இல்லை.

பிரியும்போது, "முதல் வாரம் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்காதே தம்பி. படித்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன். பத்தாம் வகுப்பு படித்தவன் புத்தி சொல்லலாமா என்று பிறகு யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போக நேர்ந்தது. சந்தின் கோடியில் ஒரு படிக்கட்டு. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாம் நம்மூர்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். படிக்கத் தெரியாது. மாநகராட்சி தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடத்தினாலும், இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தால்தான் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. என் மகளும் இங்கிலீஷ் பள்ளியில்தான் படிக்கிறாள்.

பிள்ளைகள் அவருக்கு இந்தியும் மராட்டியும் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். அவர் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் ஒரே சிரிப்பு. ஒரு பெண் குழந்தை வாத்தியார் மாதிரி விரலை ஆட்டி, "அப்படி இல்லே அங்கிள், திரும்பச் சொல்லு" என்று அதட்டியது. அவர் அடக்கமாகத் திரும்பச் சொன்னார்.

பதிலுக்கு அவர் என்ன கொடுத்தார் என்று கீழே பார்த்தபோது தெரிந்தது. சிமெண்ட் தரையில் சாக்பீசால் "அ" முதல் "ஔ" வரை எழுதியிருந்தது. சில எழுத்து நேராக இருந்தது. சில எழுத்து விழுந்து கிடந்தது. பிள்ளைகள் எழுதியவை.

நான் கிட்டப் போகவில்லை. பாடம் நடக்கும்போது குறுக்கிடக் கூடாது.

போன வாரம் அவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாவூ, ஏக் பாஸ் த்யா" என்றார்.

உச்சரிப்பில் நெல்லை வாடை இன்னும் போகவில்லை. அது போகவும் வேண்டாம். நானும் தமிழில் பேசவில்லை. மராட்டியிலேயே பணத்தைக் கேட்டு வாங்கி, சீசன் பாசைக் கொடுத்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினேன். மகளை அழைத்து, விரலைப் பிடித்து, "அ" போட வைத்தேன். முதல் தடவை கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.